பிரிண்ட் கொடுக்கும் முன் ஸ்கேலை எடுங்கள்!

பொங்கல் விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தேன். எங்கள் ஊர் பாச்சலூர். ஒட்டன்சத்திரத்தில் பஸ் ஏறி, வடகாடு வழியாக மலை ஏறினால் வரும். பக்கத்து வீட்டில் புதுக் கம்ப்யூட்டர் வாங்கியிருந்தார்கள். அந்த வீட்டு அம்மா என்னைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, இவ்வளவு காசு போட்டு வாங்கிட்டோம். படம் பாக்குறான், கேம் ஆடுறான். உருப்படியா இதுல என்னதான் செய்யலாம்?"

பத்தாவது படிக்கும் பையனிடமே கேட்டேன். "ரோபோ செய்யணும்ண்ணே. திரும்பித் திரும்பிப் பந்து எறியணும். ஆனா அதுக்குப் பெரிய மெஷின் எல்லாம் வேணுமாமே?" என்றான்.

மெஷின் பிறகு வரட்டும். முதலில் வேண்டியது வேறொன்று. புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியிருக்கும் உங்களுக்கும் அதைத்தான் சொல்லப் போகிறேன்.

ரோபோ போட்டி என்றதும் ஏதோ வெளிநாட்டுச் சமாச்சாரம் என்று நினைத்துவிடாதீர்கள். ஆசிய பசிபிக் நாடுகளின் கல்லூரி மாணவர்களுக்கான 'ஏபியு ரோபோகான்' போட்டி 2002-ல் டோக்கியோவில் தொடங்கியது. 2008-லும் 2014-லும் புனேயில் நடந்தது. 2022-ல் புது தில்லியில் நடந்தபோது கொடுத்த விளையாட்டு என்ன தெரியுமா? லகோரி! கற்களை அடுக்கி வைத்துப் பந்தால் அடித்துக் கலைப்போமே, அந்த ஏழு கல் விளையாட்டுதான். அதை ரோபோக்கள் விளையாடின.

பந்து எறியும் ரோபோ குறி பார்க்க வேண்டும். ஒவ்வொரு முறையும் முழு வண்டியையும் திருப்பிக்கொண்டிருந்தால் நேரம் போய்விடும். அதனால் எறியும் பகுதியை மட்டும் ஒரு சுழலும் மேடையில் வைப்பார்கள். டாங்கியின் பீரங்கி திரும்புவதைப் போல. இதற்கு 'டரெட்' என்று பெயர். மேடையைச் சுற்றி ஒரு பெரிய பல்சக்கரம், மோட்டாரில் ஒரு சின்னப் பல்சக்கரம், இரண்டையும் இணைக்க ஒரு செயின். சின்னதில் 10 பல், பெரியதில் 100 பல் என்றால் மோட்டார் பத்துச் சுற்று சுற்றினால் மேடை ஒரு சுற்று சுற்றும். வேகம் பத்தில் ஒன்றாகக் குறையும். திருப்பும் விசை ஏறக்குறைய பத்து மடங்காகும். குறியும் நிதானமாக நிற்கும்.

சின்னச் சக்கரத்தைக் கடையில் வாங்கலாம். நூறு பல் சக்கரத்துக்கு எங்கே போவது? சைக்கிள் கடையில் பெடல் பக்கத்துச் சக்கரம் கிடைக்கும். அதில் ஐம்பது பல்கூட இருக்காது. பந்தும் வயர்களும் போக நடுவில் பெரிய ஓட்டையும் வேண்டும். ஆக, நாமேதான் செய்ய வேண்டும்.

நான் கெடுத்த சக்கரம்

கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கும்போது எங்கள் குழு இதைச் செய்தது. படம் வரைந்தது நான். பிரிண்ட் எடுத்ததும் நான். பேப்பரை லேத் பட்டறை அண்ணனிடம் கொடுத்தோம். அவர் அலுமினியத் தகட்டில் ஒட்டி, துளை போட்டு, அறுத்து, அரம் போட்டுக் கொடுத்தார். செயினை மாட்டினோம். நான்கைந்து பல் வரை உட்கார்ந்தது. பிறகு பல்லின் தலை மேல் ஏறி 'டக் டக்'கென்று நழுவியது.

"என்னண்ணே இப்படி வெட்டிட்டீங்க?" என்று அவரிடமே சண்டைக்குப் போனோம். அவர் பேசவில்லை. வெர்னியரை எடுத்து எங்கள் பேப்பரின் மேல் வைத்தார். இரண்டு துளைகளின் நடுவே 12.7 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். 12.3 தான் இருந்தது. "தம்பி, நான் சரியாத்தான் வெட்டியிருக்கேன். உன் பேப்பரே குட்டையா இருக்கே" என்றார்.

பிரிண்ட் கொடுக்கும்போது 'ஃபிட் டு பேஜ்' என்ற இடத்தில் டிக் இருந்தது. பேப்பருக்குள் அடங்கட்டும் என்று கம்ப்யூட்டர் படத்தை 97 சதவீதமாகச் சுருக்கிவிட்டது. வெறும் மூன்று சதவீதம்தானே என்று தோன்றும். நூறு பல்லுக்குக் கணக்குப் போட்டால் 38 மில்லிமீட்டர். மூன்று பல்லின் இடம்! தகடும் போனது, அவருடைய ஒரு நாள் உழைப்பும் போனது. அதைவிட, தப்பே செய்யாத மனிதரைக் குற்றம் சொல்லிவிட்டோமே என்பது இன்றும் உறுத்துகிறது. கம்ப்யூட்டரில் வந்தது தப்பாக இருக்காது என்று நம்பியதன் விலை அது.

சரியாகச் செய்வது எப்படி?

சாதாரண சைக்கிள் செயினில் ஒரு கண்ணிக்கும் அடுத்ததற்கும் தூரம் அரை அங்குலம், அதாவது 12.7 மி.மீ. 180-ஐப் பல் எண்ணிக்கையால் வகுங்கள். வரும் கோணத்தின் சைன் மதிப்பால் 12.7-ஐ வகுங்கள். அதுதான் சக்கரத்தின் விட்டம். நூறு பல்லுக்கு 404.3 மி.மீ. வரும். சுற்றளவை 'பை'யால் வகுத்தால் போதாதா என்று கேட்கலாம். செயின் வட்டமாக வளைவதில்லை, சின்னச் சின்ன நேர்கோடுகளாக மடிகிறது. அதனால்தான் சைன். நூறு பல்லில் வித்தியாசம் தெரியாது. பத்துப் பல் சக்கரத்தில் அரை மில்லிமீட்டருக்கு மேல் தப்பாகிவிடும்.

இந்தக் கணக்கை எக்ஸெலில் போட்டால் இன்னொரு பள்ளம் காத்திருக்கிறது. எக்ஸெல் கோணத்தை டிகிரியாக எடுத்துக்கொள்ளாது, ரேடியனாக எடுத்துக்கொள்ளும். 'ரேடியன்ஸ்' என்ற பங்ஷனைச் சேர்க்காவிட்டால் உங்கள் சக்கரத்தின் விட்டம் 13 மி.மீ. என்று கூசாமல் சொல்லும்! தட்டு அளவு சக்கரத்துக்குச் சட்டைப் பொத்தான் அளவு விடை வந்தால், அதைப் பிடிக்க வேண்டியது நீங்கள்தான்.

படம் வரைய லிப்ரேகேட், இங்க்ஸ்கேப் போன்ற இலவச புரோகிராம்களே போதும். முழுச் சக்கரம் ஏ4 பேப்பரில் அடங்காது. அடங்க வேண்டியதும் இல்லை. இருபது பல் கொண்ட ஒரு துண்டை மட்டும் வரையுங்கள். அதன் நீளம் சுமார் 238 மி.மீ. படுக்கை வாட்டத்தில் ஏ4-ல் தாராளமாக அடங்கும். ஐந்து காப்பி எடுத்தால் முழுச் சக்கரம். ஒவ்வொரு பல் இடைவெளியிலும் செயின் உருளை உட்காரும் இடத்தில் 8 மி.மீ. துளை போட்டு, வெளிப்பக்கத்தை அறுத்தால் பல் தானாக வந்துவிடும். தகடு 3 மி.மீ.க்கு மேல் தடிமன் இருந்தால் செயினுக்குள் நுழையாது. ஐந்து துண்டுகளையும் சற்றுச் சிறிய பிளைவுட் வட்டத்தில் திருகிவிடலாம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, படத்தின் ஓரத்தில் சரியாக 100 மி.மீ. நீளத்துக்கு ஒரு கோடு போடுங்கள். பிரிண்டில் 'ஆக்சுவல் சைஸ்' அல்லது 100 சதவீதம் என்று தேர்ந்தெடுங்கள். பேப்பர் வந்ததும் அந்தக் கோட்டின் மேல் ஸ்கேலை வையுங்கள். 100 இருந்தால் மட்டுமே தகட்டைத் தொடுங்கள்.

இன்னொன்றும் உண்டு. மேடை முழுச் சுற்று சுற்ற வேண்டாம், பாதி திரும்பினால் போதும் என்றால் பல்லே வெட்ட வேண்டாம். வழவழப்பான வட்டத்தைச் சுற்றிச் செயினைப் போட்டு, அதன் இரு முனைகளையும் வட்டத்திலேயே திருகிவிடுங்கள். மோட்டார் செயினை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இழுத்தால் மேடை திரும்பும். உங்களுக்கு என்ன தேவை என்பதைக் கம்ப்யூட்டர் கேட்காது. நீங்கள்தான் கேட்டுக்கொள்ள வேண்டும்.

"எதற்கு இந்தப் பாடு? பைலை அனுப்பினால் கோயம்புத்தூரில் லேசர் மெஷினில் வெட்டிக் கொடுத்துவிடுவார்களே" என்று நண்பர்கள் சொல்கிறார்கள். உண்மைதான், வசதி இருந்தால் அனுப்புங்கள். ஆனால் லேசர் மெஷின் உங்கள் படத்தைத் திருத்தாது. தப்பான படத்தைக் கொடுத்தால் தப்பான சக்கரத்தையே மிகத் துல்லியமாக வெட்டிக் கொடுக்கும்.

நகரத்தில் இருப்பவருக்கு ஒரு தப்பு என்றால் ஒரு மணி நேரம் போகும். எங்கள் ஊர்ப் பையனுக்கு மலை இறங்கி ஏற ஒரு நாளே போய்விடும். அதனால் மெஷின் இல்லாதவன்தான் அளப்பதில் கெட்டிக்காரனாக இருக்க வேண்டும் என்பது என் கருத்து. அந்தப் பழக்கத்துக்கு வீட்டுக் கம்ப்யூட்டரும் ஒரு ஸ்கேலும் போதும்.

ஊரிலிருந்து கிளம்புவதற்கு முன் அந்தப் பையன் முதல் துண்டை வரைந்துவிட்டான். பிரிண்டர் இல்லை. ஒட்டன்சத்திரம் போகும்போது கடையில் எடுப்பானாம். "என்ன கொண்டு போவ?" என்று கேட்டேன்.

"பென் டிரைவும் ஸ்கேலும்ண்ணே" என்றான்.