கழித்துப் பார்க்க வேண்டிய வயது

"ஆறு மாசம் ஆச்சு, இன்னும் தலை சரியா நிக்கலியே!" குறை மாதத்தில் பெற்றவளிடம் இதைக் கேட்காத உறவினர் உண்டா? எங்கள் எதிர்வீட்டுப் பெண் இதைக் கேட்டுக் கேட்டே பாதியாக இளைத்து விட்டாள்.

தாய் வயிற்றில் இருக்க வேண்டியது 40 வாரம். 30 வாரத்தில் பிறந்தால் 10 வாரம் பாக்கி. அதைக் கழித்தால் ஆறு மாதக் குழந்தைக்கு மூன்றரை மாதம்தான்! டாக்டர்கள் 'திருத்திய வயது' என்பது இதைத்தான். சிரிப்பு, உட்காருவது, நடை எல்லாவற்றையும் இரண்டு வயது வரை இந்தக் கணக்கிலேயே பார்க்க வேண்டும். தடுப்பூசிக்கு மட்டும் கழித்தல் கிடையாது, பிறந்த தேதிப்படியே.

அதற்காக, "குறை மாசம்தானே, மெள்ள வரும்" என்று இருந்துவிடவும் கூடாது. கழித்த கணக்கிலும் மூன்று மாதம் முடிந்து முகம் பார்த்துச் சிரிக்காவிட்டால், ஐந்து மாதத்திலும் தலை துவண்டால், கால்கள் விறைத்துக் கத்தரிக்கோல் போலப் பின்னினால் டாக்டரிடம் காட்டுங்கள். ஒரு வயதுக்குள் ஒரு கையை மட்டுமே நீட்டினால் 'இடக்கைக்காரன்' என்று சிரிக்கிறோம். அந்த வயதில் அப்படிக் கை பிரியக் கூடாது. மற்ற கையில் பலவீனம் இருக்கலாம்.

கண் விஷயம் இன்னும் அவசரம். குறை மாதத்தில் விழித்திரையின் ரத்தக் குழாய்கள் முழுதாக வளர்ந்திருக்காது. பிறகு தாறுமாறாக வளர்ந்தால் பார்வையே போகலாம். வெளியே பார்த்தால் கண் பளிச்சென்றுதான் இருக்கும்! 34 வாரத்துக்கு முன்போ, இரண்டு கிலோவுக்குக் குறைவாகவோ பிறந்த குழந்தைக்குப் பிறந்து 30 நாளுக்குள் விழித்திரைப் பரிசோதனை ஆக வேண்டும். 28 வாரத்துக்கு முன் பிறந்ததற்கு இரண்டு மூன்று வாரத்திலேயே. தீட்டுக் கழியட்டும், நாற்பது நாள் போகட்டும் என்று பெரியவர்கள் சொன்னாலும் இதற்கு மட்டும் காத்திருக்காதீர்கள். நேரத்தில் கண்டுபிடித்தால் லேசர் சிகிச்சையால் பெரும்பாலும் காப்பாற்றி விடலாம். காதுப் பரிசோதனையும் முதல் மாதத்திலேயே முடியட்டும்.

வளர்ச்சியைப் பார்க்கத் திருவனந்தபுரத்தில் உருவாக்கிய அட்டவணை ஒன்று உண்டு. 17 விஷயங்கள்தான். குழந்தையின் மாதத்தில் ஒரு பென்சிலை நெட்டாக வைத்தால், அதற்கு இடப்பக்கம் முடிந்து போனவற்றையெல்லாம் குழந்தை செய்ய வேண்டும். இதற்கும் கழித்த வயதுதான்.

2013-ல் வந்த ஆர்.பி.எஸ்.கே. திட்டத்தில் மாவட்டந்தோறும் ஆரம்ப இடையீட்டு மையம் உண்டு, கட்டணம் கிடையாது. அரசு ஆஸ்பத்திரியில் விசாரியுங்கள். போகும்போது டிஸ்சார்ஜ் சீட்டை மறக்காதீர்கள். பிறந்த வாரமும் எடையும் அதில்தான் இருக்கும்.