ஜீப்பின் ஷாக்கும் நம் கைப்பணமும்

மலைப்பாதைக்கென நான்கு சக்கரங்களும் இயங்கும் வாகனம் வைத்திருப்போர், பணிமனைகளில் ‘ஷாக்’ என்று வழங்கும் அதிர்வுத்தாங்கிகளை மாற்றும்போது, தாம் ஓட்டும் பாதைக்கு வாங்குவதில்லை; ஓட்ட நினைக்கும் பாதைக்கே வாங்குகின்றனர். திருவனந்தபுரத்தில் வாகனக் கடன் விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் எனக்கு இக்கருத்து ஆண்டுக்கு ஆண்டு வலுப்பட்டு வருகிறது. வார நாள்களில் கரமனைக்கும் பட்டத்துக்கும் இடையே ஓடி, மாதம் ஒருமுறை பொன்முடி ஏறும் வண்டியை எடுத்துக்கொள்வோம். பொன்முடிச் சாலையில் 22 கொண்டையூசி வளைவுகள் உண்டு. ஆனால் அது தார்ச்சாலை. பாலைவனம் கடக்கவென வடிவமைத்த இறக்குமதிப் பொருள் அதற்கு எதற்கு? விதுரையைத் தாண்டிப் போணக்காட்டுத் தோட்டப் பாதையிலோ, குமரி மாவட்டத்துக் கீரிப்பாறை ரப்பர்த் தோட்டங்களிலோ அன்றாடம் ஆளும் சரக்கும் ஏற்றிச் செல்பவரின் தேவை வேறு. இவ்விருவருக்கும் ஒரே விடை கூறும் விற்பனையாளரை நான் நம்புவதில்லை.

வாகனத்தின் எடையைத் தாங்குவது வில், ஷாக் அன்று. சக்கரம் பள்ளத்தில் இறங்கி எழுந்த பின்னும் வில் ஆடிக்கொண்டே இருக்கும். குழாய்க்குள் உள்ள எண்ணெயைச் சிறு துளைகளின் வழியே தள்ளி, அந்த ஆட்டத்தை வெப்பமாக்கி அடக்குவதே ஷாக்கின் வேலை. ஆகவே வண்டியின் பின்புறம் தாழ்ந்துவிட்டதென்று ஷாக்கை மாற்றினால் பணம் போகும், தாழ்வு போகாது. பழைய மகிந்திரா ஜீப்புகளிலும், 2010-இல் வந்த முதல் தார் வண்டியின் பின்புறத்திலும் இருந்தவை பட்டைவில்கள். பட்டைகள் ஒன்றோடொன்று உராய்வதே ஆட்டத்தில் ஒரு பங்கை அடக்கிவிடும். 2020-இல் வெளிவந்த புதிய தார், முன்னும் பின்னும் சுருள்வில் கொண்டது. அங்கே அந்தச் சுமை ஏறக்குறைய முழுவதும் ஷாக்கின் மீதே விழுகிறது. பழைய வண்டிக்காரர் புகழ்ந்த பொருளைப் புதிய வண்டிக்குக் கேட்டு வாங்குவது அதனால்தான் பொருந்துவதில்லை.

உண்மையில் மாற்றும் வேளை வந்துவிட்டதா என்பதையும் பார்க்க வேண்டும். மூலையை அழுத்திவிட்டு எத்தனை முறை ஆடுகிறது என்று எண்ணும் வழக்கம் சிறு கார்களுக்குச் சரி. கடினமான வில் உள்ள ஜீப்பில் அது அதிகம் சொல்லாது. குழாயின் மேல் எண்ணெய் வழிந்து மண் ஒட்டியிருப்பது, டயர் மேடும் பள்ளமுமாகத் தேய்வது, பிரேக் பிடித்தால் மூக்கு தாழ்வது ஆகியவையே தக்க அறிகுறிகள். கரடுமுரடான பாதையில் சிறிது தொலைவு ஓட்டி நிறுத்தி, நான்கு ஷாக்குகளையும் எச்சரிக்கையாகத் தொட்டுப் பாருங்கள். வேலை செய்பவை சூடாக இருக்கும். ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால் அதுவே சோம்பேறி. அந்த ஒன்றை மட்டும் மாற்றாமல், ஒரே அச்சின் இரு பக்கத்தையும் சேர்த்து மாற்றுவதே முறை.

வாங்கும் இடத்தில் ஒற்றைக்குழாயா, இரட்டைக்குழாயா என்ற கேள்வி எழும். நீண்ட நேரம் குலுங்கினால் எண்ணெய் சூடேறி நுரைக்கும். நுரைத்த எண்ணெய்க்கு அடக்கும் வலிமை குறைவு. அழுத்தமேற்றிய நைட்ரஜன் வாயு அந்த நுரையைக் குறைக்கிறது. ஒற்றைக்குழாய் வகை வெப்பத்தை விரைவில் வெளிவிடுவதால் உயர்ந்ததென்று விற்கப்படுகிறது. அது மெய்யே. ஆயினும் அதன் புறச்சுவரின் உட்பக்கத்திலேயே பிஸ்டன் ஓடுகிறது. ஒரு கல் தெறித்துக் குழாய் நசுங்கினால் பிஸ்டன் சிக்கிக்கொள்ளும். இரட்டைக்குழாயில் வெளிக்குழாய் சற்று நசுங்கினாலும் உட்குழாய் பெரும்பாலும் தப்பிவிடும். மணிக்கு பதினைந்து கிலோமீட்டர் வேகத்தில் ஊரும் கல்நிறைந்த தோட்டப் பாதைக்கு, வாயு நிரப்பிய சாதாரண இரட்டைக்குழாயே எனக்கு நியாயமாகப் படுகிறது. பல நிலைகளில் திருகிச் சரிசெய்யும் வகையும் உண்டு. வாங்கிய வாரத்துக்குப் பின் அந்தத் திருகைத் தொட்டவர் எத்தனை பேர் என்று கேட்கத் தோன்றுகிறது. கடலோரத்தில் வசிப்போர் அதைவிட பிஸ்டன் தண்டை மூடும் உறையைக் கவனிக்கலாம். உப்புக்காற்றில் தண்டு அரித்தால் அது எண்ணெய்த் தடுப்பைக் கிழித்துவிடும்.

வண்டியை உயர்த்தும் ஆசையே செலவின் பெரும்பகுதி. நீளமான வில்லை மாட்டி, பழைய நீளத்திலேயே ஷாக்கை விட்டால், சக்கரம் கீழிறங்கும் ஒவ்வொரு முறையும் அது இழுபட்டு அறும். ஷாக்கையும் நீட்டினால் பிரேக் குழாய், இயக்கத்தண்டின் கோணம் என்று பட்டியல் நீளும். சட்டமும் குறுக்கே நிற்கிறது. தயாரிப்பாளர் வகுத்த விவரங்களுக்கு மாறாக வாகனத்தை மாற்றலாகாது என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. கேரளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில், 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிப்படுத்தி, உயர் நீதிமன்றத் தீர்ப்பை மாற்றியது. அதே அளவுள்ள ஷாக்கைப் பொருத்துவது பழுதுபார்ப்பு, உயர்த்துவது உருமாற்றம். பின்னதைக் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவிக்காமல் விட்டால், விபத்து நாளில் இழப்பீடே தகராறுக்கு உள்ளாகலாம். கடன் முடியும்வரை அந்த வண்டி வங்கிக்கு அடமானமும் ஆகும்.

வணிகவியல் படித்தவன் கண்ணுக்கு இன்னொன்றும் தெரிகிறது. ஷாக் தேய்ந்து தீரும் பொருள். டயரைப் போல அது வருவாயினச் செலவு, மூலதனம் அன்று. அதற்குத் தனிநபர் கடன் கேட்டு வருவோரிடம் நான் ஊக்கம் காட்டுவதில்லை. மாதம் சிறிது ஒதுக்கி, தயாரிப்பாளர் அளவிலேயே நல்ல பெயருள்ள நான்கை வாங்கினால் போதும். மிச்சப் பணத்தில் இருமுனையின் ரப்பர் புஷ்களையும் புதிதாக்கலாம். போலிகள் உலவும் சந்தையில் ஜிஎஸ்டி ரசீது கேட்டுப் பெறுங்கள். உத்தரவாதமும் அதைக் காட்டித்தான் கிடைக்கும். வண்டி தூக்கியில் தொங்கும்போதே போல்ட்டை முழுதாக இறுக்கிவிடும் அவசரத்தையும் அனுமதிக்க வேண்டாம். சக்கரங்கள் தரையில் ஊன்றி, வண்டி தன் இயல்பான உயரத்தில் நிற்கும்போது இறுக்கினால்தான் ரப்பர் முறுக்கேறாமல் நீடிக்கும்.