தங்கம் தோண்டிய குழியில் வேறொரு புதையல்



நம் முன்னோர் நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலாயாவுக்கு வந்துகொண்டிருந்த காலத்தில், வட ஆற்காட்டுக் கிராமங்களிலிருந்து இன்னொரு கூட்டம் மேற்கே போய்க்கொண்டிருந்தது. அவர்கள் கடல் தாண்டவில்லை. மைசூர் சமஸ்தானத்தில், இன்றைய கர்நாடகத்தில் உள்ள கோலார் தங்கவயலுக்குப் போனார்கள். நமக்கு இங்கே லயமும் வெள்ளைக்காரத் துரையும் என்றால், அவர்களுக்கு அங்கே வரிசை வீடுகளும் வெள்ளைக்காரத் துரையும். நாம் வெயிலில் பால்மரம் வெட்டினோம். அவர்கள் வெயிலே எட்டாத ஆழத்தில் பாறை வெட்டினார்கள்.

1880-ஆம் ஆண்டு வாக்கில் தொடங்கிய அந்தத் தோண்டல் எவ்வளவு ஆழம் போனது தெரியுமா? சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. நம் கோலாலம்பூர் இரட்டைக் கோபுரத்தைப் போல் ஏறக்குறைய ஏழு கோபுரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அதற்குள் இறக்கிவிடலாம். கீழே போகப் போகப் பாறையே சுடும். சில சமயம் அழுத்தம் தாங்காமல் பாறை வெடித்துச் சிதறும். ஆளைக் கொன்றும் விடும். தப்பியவர்களிலும் பலருக்கு நுரையீரலில் கல்தூசி படிந்தது. இப்படி உயிரைக் கொடுத்துத் தோண்டிய குழியைத் தேடித்தான் 1951-இல் ஒரு விஞ்ஞானி வந்தார்.

அவர் பெயர் ஸ்ரீகண்டன். பம்பாய் டாட்டா ஆராய்ச்சிக் கழகத்தில் அப்போது அவர் இளைஞர். அங்கே தலைவராயிருந்த ஹோமி பாபா அவரை அனுப்பினார். வானத்திலிருந்து அண்டக் கதிர்கள் இடைவிடாமல் காற்றில் மோதுகின்றன. அந்த மோதலில் மியூவான் என்ற நுண்துகள்கள் பிறந்து நம்மேல் மழையாகப் பொழிகின்றன. இதைப் படித்துக்கொண்டே உள்ளங்கையை விரித்து நீட்டுங்கள். நொடிக்கு ஒன்றாவது அதைத் துளைத்துப் போகும். வலிக்காது, பயப்பட வேண்டாம்! பூமிக்குள் இறங்க இறங்க இந்த மழை எப்படிக் குறைகிறது என்று அளப்பதே ஸ்ரீகண்டனின் வேலை. கருவிகளைச் சுரங்கத்துக்குள் இறக்கி அளந்தார்.

பத்தாண்டுகளுக்குப் பின் அவருடைய சகாக்கள் 2.7 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் கருவி வைத்தார்கள். இரண்டு மாதம் காத்திருந்தும் ஒரு மியூவான்கூட வரவில்லை. கையில் ஒன்றும் அகப்படவில்லையே என்று நாமாயிருந்தால் சோர்ந்து போவோம். அவர்களோ மகிழ்ந்து போனார்கள்! காரணம் இருந்தது. கோயில் திருவிழாவில் உறுமி மேளம் முழங்கும்போது காதருகே கொசு பாடினால் கேட்குமா? மேளம் ஓய்ந்தால்தான் கேட்கும். இங்கே மியூவான் மழைதான் மேளம். அவர்கள் கேட்க விரும்பிய கொசு, நியூட்ரினோ.

நியூட்ரினோவுக்கு மின்சாரம் கிடையாது. எடையும் இல்லை என்று சொல்லுமளவுக்கு மிகமிகக் குறைவு. மலை, கடல், மனிதன் எதுவும் அதற்குத் தடையில்லை. சூரியனிலிருந்து மட்டும் உங்கள் கட்டைவிரல் நகத்தின் வழியே நொடிக்கு 6,000 கோடிக்கு மேல் போகின்றன. இரவிலும் போகின்றன, பூமியைத் துளைத்துக்கொண்டு கீழிருந்து மேலே. சுரங்கத்தில் தேடியது சூரியனுடையதை அல்ல. அண்டக் கதிர்கள் காற்றில் மோதும்போது பிறக்கும் நியூட்ரினோவை. அது மிக அபூர்வமாக ஒரு பாறை அணுவில் முட்டினால் அங்கிருந்து ஒரு மியூவான் கிளம்பும். மேலிருந்து வரும் மியூவான் என்றால் சந்தேகம் உண்டு. வானத்திலிருந்தே தப்பி வந்ததாக இருக்கலாம். பக்கவாட்டில் வந்தால் சந்தேகமே இல்லை. அத்தனை கிலோமீட்டர் பாறையைக் குறுக்கே கடந்து எந்த மியூவானும் வர முடியாது. ஆகவே, கருவிகளைச் சுவர்போல நிற்க வைத்தார்கள். துகள் பட்டால் மினுக்கும் பிளாஸ்டிக் பலகைகள், அது போன தடத்தைக் காட்டி ஒளிரும் நியான் குழாய்கள், படம் பிடிக்கக் காமிரா.

பம்பாய்க் குழுவுடன் ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகமும் இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகமும் சேர்ந்திருந்தன. 1965 ஏப்ரலில், 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், முதல் நியூட்ரினோவின் தடம் விழுந்தது. அதே ஆண்டு தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கம் ஒன்றில் அமெரிக்க விஞ்ஞானி ரெயின்ஸின் குழுவும் பிடித்தது. அவர்களுக்குப் பிப்ரவரியிலேயே கிடைத்துவிட்டது. ஆனால் கோலார்க் கட்டுரை இரண்டு வாரம் முந்தி அச்சேறியது. யார் முந்தி என்ற வழக்கு நமக்கு எதற்கு? எனக்கு வேறொன்றுதான் தோன்றுகிறது. அந்தச் சுரங்கத்தைத் தோண்டியவர்கள் ஆப்பிரிக்கக் கறுப்பினத் தொழிலாளர்கள். இதைத் தோண்டியவர்களில் பெரும்பாலோர் நம் தமிழர்கள்.

கோலார்க் கட்டுரையில் பதினொரு பேர் பெயர் இருக்கிறது. எல்லாரும் விஞ்ஞானிகள். குழி தோண்டியவர் பெயரைக் கட்டுரையில் போடும் வழக்கம் எங்கும் இல்லைதான். ஆனால் அந்த ஆழத்தில் குழி இல்லாவிட்டால் அந்தக் கட்டுரையும் இல்லை.

1980-இல் அதே ஆழத்தில் 140 டன் எடையுள்ள இன்னொரு கருவி அமைந்தது. அணுவுக்குள் இருக்கும் புரோட்டான் என்றைக்காவது அழியுமா என்று பல ஆண்டுகள் காத்திருந்தார்கள். உறுதியான விடை இன்றுவரை உலகில் எவருக்கும் கிடைக்கவில்லை. இதற்கிடையே தங்கம் அருகி, தோண்டும் செலவு தங்கத்தின் விலையை மிஞ்சியது. ஆராய்ச்சிக்கூடம் மூடப்பட்டது. 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கமும் மூடப்பட்டது. தண்ணீர் இறைக்கும் பம்புகள் நின்றன. கீழிருந்து தண்ணீர் மெல்ல ஏறத் தொடங்கியது.