இறவை மோட்டாரும் கைக்கருவிகளும்

1932-ஆம் வருஷத்தில் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கிய பின்னர், கோயம்புத்தூர்ப் பக்கத்துக் கிணறுகளில் கமலையின் இடத்தை மின்சார மோட்டார் சிறிது சிறிதாகப் பெற்றுக்கொண்டது. கமலை பழுதுற்றால் செப்பனிட வேண்டிய உளி, வாய்ச்சி, கயிறு யாவும் கையெட்டும் தூரத்தில் இருந்தன. கயிறு நைந்திருப்பதையும் கண்ணால் காணலாம். மின்சாரமோ கண்ணுக்குப் புலப்படாதது. அது இருக்கிறதா இல்லையா என்பதைக் கருவி சொல்லித்தான் நாம் அறிய வேண்டும். ஆதலின், பொய் சொல்லும் கருவியை நம்பியிருப்பது கருவியே இல்லாதிருப்பதைவிடக் கேடு என்பது என் அபிப்பிராயம்.

பல ஆயிரம் ரூபாய் செலவிட்டு மோட்டார் அமைத்த குடியானவர்களின் மோட்டார் அறைக்குள் சென்று பார்த்தால், பெரும்பாலும் காணப்படுபவை ஒரு டெஸ்டர், ஒரு குறடு, வாய் தேய்ந்த ஒரு ஸ்கிரூ ஸ்பானர் ஆகிய இவ்வளவே. இவற்றுள் டெஸ்டரைப் பற்றியே முதலில் சொல்ல வேண்டியிருக்கிறது.

டெஸ்டரின் கைப்பிடிக்குள் ஒரு சிறு நியான் விளக்கும், மின்னோட்டத்தை மிகவும் குறைத்து விடும் ஒரு தடையும் இருக்கின்றன. மிகச் சிறிய மின்னோட்டம் நம் தேகத்தின் வழியாகவே பூமிக்குச் சென்று அவ்விளக்கை எரியச் செய்கிறது. ஈரம் புகுந்து அத்தடை கெட்டால், டெஸ்டரே ஆளைக் கொல்லும் சாதனமாகி விடும். காய்ந்த பலகையின்மேல் ரப்பர் செருப்புடன் நின்றால் விளக்கு மங்கலாக எரியும். உச்சி வெயிலில் அம்மங்கலான ஒளி தெரிவதில்லை. ஆகவே, டெஸ்டர் எரியவில்லை என்பதனால் கம்பியில் மின்சாரம் இல்லையென்று ஒருபோதும் கைவைக்கலாகாது.

எரிந்தாலும் அது உண்மையென்று கொள்வதற்கில்லை. மூன்று பேஸ்களில் ஒன்றின் பீஸ் போயிருக்க, ஸ்டார்ட்டர் இழுத்திருக்கும்பொழுது டெஸ்டரால் தொட்டுப் பார்த்தால், மோட்டாரின் மூன்று முனைகளிலும் விளக்கு எரியும். மற்ற இரண்டு பேஸ்களின் மின்சாரம் மோட்டாருக்குள் இருக்கும் காயில்களின் வழியே திரும்பி வந்து, செத்த முனையையும் உயிருள்ளதுபோல் காட்டுவதே இதற்குக் காரணம். "மூன்றும் வருகிறது, மோட்டாரில்தான் கோளாறு" என்று எண்ணி மறுபடியும் மறுபடியும் ஸ்டார்ட்டரை அழுத்துகிறார்கள். மோட்டார் உறுமுகிறது, சுற்றவில்லை, சற்று நேரத்தில் காயில் கருகுகிறது. ஒரு பீஸ் கம்பியோடு முடிந்திருக்க வேண்டிய செலவு சில ஆயிரம் ரூபாயாகி, பயிரும் நாட்கணக்கில் தண்ணீரின்றி வாடுகிறது.

இதற்குப் பரிகாரம் இரு முனைகளுக்கிடையே அளந்து பார்க்கும் மீட்டரே. ஸ்டார்ட்டரை நிறுத்திவிட்டு, பீஸ்களைத் தாண்டிய முனைகளில் முதலாவதற்கும் இரண்டாவதற்கும், இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும், மூன்றாவதற்கும் முதலாவதற்கும் இடையே அளக்க வேண்டும். மூன்று அளவுகளும் ஏறக்குறைய 415 வோல்ட் காட்டினால் குறையில்லை. ஒன்று சரியாகவும் இரண்டு மிகவும் தாழ்ந்தும் காட்டினால் ஒரு பேஸ் இல்லையென்று அறியலாம். மோட்டார் ஓடும்போது சோதிக்க வேண்டுமாயின், கம்பியைத் தொடாமல் வெளியே கவ்விப் பார்க்கும் கிளாம்ப் மீட்டரே ஏற்றது. 5 குதிரைச் சக்தி மோட்டார் முழுப் பாரத்துடன் ஓடும்போது ஒவ்வொரு கம்பியிலும் சுமார் 7 அல்லது 8 ஆம்பியர் செல்லும். ஒரு கம்பியில் ஒன்றுமில்லாமல் மற்ற இரண்டில் அதிகமாகச் சென்றால் உடனே நிறுத்திவிட வேண்டும்.

மீட்டர் வாங்குவதிலும் கவனம் வேண்டும். 'கேட்' என்ற குறியுடன் மூன்றாம் வகுப்பு, 600 வோல்ட் என்று பொறித்ததையே கேட்டு வாங்குக. ரேடியோப் பெட்டி பழுது பார்ப்பதற்கான மலிவு மீட்டர் இவ்வேலைக்கு ஆகாது. ஆம்பியர் துளையில் செருகியிருக்கும் கம்பியை மறந்து வோல்ட் பார்க்கப் போனால், அத்தகைய மீட்டர் கையிலேயே வெடிக்கவும் கூடும். எந்தக் கருவியாயினும், மின்சாரம் உண்டென்று தெரிந்த இடத்தில் முதலில் சோதித்து, பிறகு வேண்டிய இடத்தில் சோதித்து, முடிவில் மறுபடியும் தெரிந்த இடத்தில் சோதித்தாலன்றி அதன் சொல்லை நம்பலாகாது.

கைக்கருவிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஐம்பது உருப்படிகள் கொண்ட பெட்டி மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்குவது சிக்கனமன்று. 8 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு 13, 10-க்கு 17, 12-க்கு 19 என்ற அளவுள்ள ஸ்பானர்களே பம்பு செட்டில் பெரும்பாலும் வேண்டப்படுகின்றன. புதிய போல்ட்டுகள் சிலவற்றுக்கு 16-ம் 18-ம் தேவையாகும். இவற்றை நல்ல குரோம் வனேடியம் எஃகில், வளைய வாய் உள்ளவையாக வாங்கினால் துருப்பிடித்த நட்டும் மூலை மழுங்காமல் கழலும். ஸ்கிரூ ஸ்பானரை வேறு வழியில்லாதபோது மட்டும் எடுக்க வேண்டும். குறட்டின் பிடியில் செருகியிருக்கும் சாதாரண பிளாஸ்டிக் உறை கைக்கு இதமாயிருப்பதற்கேயன்றி, மின்சாரத்தைத் தடுப்பதற்கன்று. இரட்டை முக்கோணமும் 1000 வோல்ட் என்ற குறியும் உள்ள குறடும் திருப்புளியுமே காப்புடையவை. அவற்றை வைத்திருப்பவரும் மெயினை நிறுத்திய பின்னரே வேலை செய்தல் வேண்டும்.

இவ்வளவும் வாங்க ஏழைக் குடியானவனுக்கு வசதி ஏது என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வியே. ஆயினும், நல்ல மீட்டர் ஒன்றின் விலை ஒருமுறை காயில் கட்டும் கூலியைவிடப் பொதுவாகக் குறைவு. காயிலின் காப்பைச் சோதிக்கும் மெக்கர் விலை அதிகமாதலால், அதனைக் கூட்டுறவுச் சங்கமோ பக்கத்துக் கிணற்றுக்காரர்கள் பத்துப் பேரோ சேர்ந்து ஒன்று வாங்கி வைத்தால் போதும். வருஷத்திற்கு இரண்டு முறை, மோட்டாரின் கம்பிகளை முற்றிலும் கழற்றிவிட்டு, 500 வோல்ட் மெக்கரால் தக்க மின்கம்பியாளரைக் கொண்டு சோதித்து வரவேண்டும். அளவு 1 மெகோமுக்குக் கீழே இறங்கினால், மோட்டார் எரியுமுன் அதை வெளியே எடுத்து உலர்த்தவோ செப்பனிடவோ அவகாசம் கிடைக்கும்.

விதை, எரு, பூச்சிமருந்து ஆகியவற்றைப் பற்றி நம் இலாகாவினர் செய்துகாட்டும் கூட்டங்களில், மீட்டர் பிடிக்கும் விதத்தையும் கால் மணி நேரம் காட்டுதல் நலம். டிரான்ஸ்பார்மரிலும் கம்பத்திலும் உள்ள பீஸ் மின்வாரிய ஊழியருடைய வேலை; அதில் கைவைப்பது எவ்வளவு நல்ல கருவியிருந்தாலும் தகாது என்பதையும் அங்கேயே வற்புறுத்த வேண்டும். பயிர் ஒரு போகம் போனால் மறு போகத்தில் ஈடு செய்யலாம். மோட்டார் அறைக்குப் போன மனிதன் திரும்பி வராவிடில் அவ்வீட்டுக்கு ஈடு ஏது? ஆகவே, வரும் அறுவடைப் பணத்தில் முதற் செலவாக ஒரு நல்ல மீட்டரை வாங்கும்படி குடியானவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.