முதலில் கால், கடைசியில் கேமரா

மலைக்குப் போவது என்று வீட்டில் முடிவானதும் முதலில் எழும் பேச்சு கேமராவைப் பற்றித்தான். எந்தக் கம்பெனி, எத்தனை மெகாபிக்சல், எவ்வளவு தூரம் ஜூம் என்று பிள்ளைகள் ஒரு வாரம் ஆராய்கிறார்கள். 60,000, 70,000 ரூபாய் மாதத் தவணையில் போகிறது. செருப்பா? வாசலில் கிடப்பதை மாட்டிக்கொண்டு போகலாம். தண்ணீரா? வழியில் வாங்கிக்கொள்ளலாம். இந்த வரிசை தலைகீழானது என்பதுதான் என் கட்சி.

நம் மேச்சேரி சமவெளிதான். ஆனால் மேற்கே அணைக்கு அப்பால் பாலமலை, கிழக்கே சேர்வராயன் மலை, கொஞ்சம் தள்ளிப் போனால் கொல்லிமலை என்று சுற்றிலும் மலைகள்தான். அந்தக் காலத்தில் வேண்டுதலுக்காக மலை ஏறினோம். இப்போது விடுமுறைக்காகவும் படத்துக்காகவும் ஏறுகிறார்கள். அதில் எனக்குக் குறையில்லை. பணி ஓய்வு பெற்ற நம் வயதுக்காரர்களும் குழுவாகச் சேர்ந்து கிளம்புகிறார்கள். நல்லதுதான். ஆனால் அரசு அலுவலகத்தில் பல ஆண்டுகள் இன்டென்ட் எழுதியவன் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். ஒரு பட்டியலைத் தயாரிக்கும்போது, எது இல்லாவிட்டால் வேலையே நடக்காதோ அதைத்தான் முதல் வரியில் எழுத வேண்டும். அந்த முறைப்படி மலைப் பட்டியலை எழுதிப் பார்க்கிறேன்.

முதல் வரியில் வருவது கடையில் கிடைக்காத பொருள். அனுமதியும் பருவமும்தான் அது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் போடிநாயக்கனூரை அடுத்த குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கியவர்களை யாரும் மறந்திருக்க மாட்டோம். சென்னையிலிருந்தும், நமக்குப் பக்கத்து ஊர்களான ஈரோடு, திருப்பூரிலிருந்தும் போனவர்கள். மொத்தம் 23 பேர் இறந்தார்கள். எவ்வளவு விலை உயர்ந்த பையும் பூட்ஸும் அந்தத் தீயின் முன் எதற்கும் உதவாது. புல் காய்ந்து கிடக்கும் மாதங்களில் மேலே போகாமல் இருப்பது ஒன்றுதான் காப்பு. அதற்குப் பிறகு அதே ஆண்டில் மலையேற்றத்துக்கு அரசு விதிமுறை கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் வனத்துறை 'ட்ரெக் தமிழ்நாடு' என்ற பெயரில் 40 பாதைகளைத் திறந்தது. இணையத்தில் பதிவு செய்துகொண்டால் அந்தந்த மலைப் பகுதி ஆட்களே வழிகாட்டியாக உடன் வருகிறார்கள். காட்டுத்தீக் காலத்தில் பாதைகளை மூடிவிடுகிறார்கள். மூடியிருக்கிறது என்றால் போகாதீர்கள். தெரிந்த ஆள் ஒருவர் இருக்கிறார், பின்பக்கமாகக் கூட்டிப் போவார் என்று யாராவது சொன்னால் அந்த ஆளை நம்பாதீர்கள்.

இரண்டாவது வரி, கால். ஷூ வாங்குவதானால் மாலையில் கடைக்குப் போங்கள். நாள் முழுக்க நடந்த கால் சற்று வீங்கியிருக்கும், மலையிலும் அப்படித்தான் வீங்கும். மலையில் போடப் போகும் அதே சாக்ஸைப் போட்டுக்கொண்டுதான் அளவு பார்க்க வேண்டும். பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கட்டும். ஏறும்போது இதன் அருமை தெரியாது. இறங்கும்போது கால் முன்னால் தள்ளப்பட்டு, விரல் நுனி ஷூவில் இடிக்கும். இடமில்லாவிட்டால் மறுநாள் நகம் கறுத்துவிடும். அடியில் ஆழமான பள்ளம் வெட்டிய ரப்பர் இருக்க வேண்டும். புது ஷூவை நேராக மலைக்குப் போட்டுப் போகக் கூடாது. இரண்டு வாரமாவது காலையில் பத்ரகாளியம்மன் கோவில் வரை நடந்து பழக்க வேண்டும். சர்க்கரை உள்ளவர்களுக்குக் காலில் கொப்புளம் வந்தாலும் தெரியாது, ஆறவும் ஆறாது. அவர்கள் மற்ற எல்லாவற்றையும் விட ஷூவுக்குத்தான் செலவு செய்ய வேண்டும்.

என் நண்பர் ஒருவர் கொல்லிமலையில் ஆகாயகங்கை அருவியைப் பார்க்கப் போனார். அங்கே ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்க வேண்டும். காலில் வீட்டு ரப்பர் செருப்பு, கழுத்தில் மகன் வாங்கிக் கொடுத்த புதுக் கேமரா. ஈரப் படியில் சறுக்கியபோது இரண்டு கையாலும் கேமராவைப் பிடித்துக்கொண்டார். கைப்பிடிக் கம்பியைப் பிடிக்க அவருக்குக் கை இல்லை. மணிக்கட்டு முறிந்தது. கேமராவுக்கு ஒரு கீறல் கூட இல்லை. "கேமரா தப்பிச்சுதுங்க" என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு அவர் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. கேமராவின் விலையில் இருபதில் ஒரு பங்குக்கு நல்ல ஷூ கிடைத்திருக்கும்.

மூன்றாவது வரி, கம்பு. வெள்ளியங்கிரி ஏறுகிறவர்கள் அடிவாரமான பூண்டியில் ஒரு மூங்கில் தடி வாங்கிக்கொள்கிறார்கள். ஏழு மலைக்கும் அதுதான் துணை. இப்போது மடக்கு ஊன்றுகோல் அலுமினியத்தில் வருகிறது. பஸ்ஸில் கொண்டுபோகச் சுலபம், உயரத்தையும் மாற்றிக்கொள்ளலாம். ஏறும்போது சற்றுக் குட்டையாகவும் இறங்கும்போது சற்று நீளமாகவும் வைத்துக்கொள்ள வேண்டும். நம் வயதில் மூச்சு வாங்குவது ஏற்றத்தில், முட்டி தேய்வது இறக்கத்தில். இறங்கும்போது உடம்பின் பாரத்தில் ஒரு பங்கைக் கம்பு வாங்கிக்கொள்கிறது. கம்பு பிடிப்பது கிழத்தனம் என்று வெட்கப்படுகிறவர்கள் நம் பக்கத்து ஆட்டுக்காரர்களைப் பார்க்கட்டும். மேச்சேரி ஆட்டை மேய்த்துக்கொண்டு போகிற இருபது வயதுப் பையன் கையிலும் தொரட்டி இருக்கிறது.

நான்காவது வரி, தண்ணீர். மேட்டில் நடக்கும்போது மணிக்கு அரை லிட்டராவது உள்ளே போக வேண்டும். ஐந்து மணி நேர நடைக்கு இரண்டரை லிட்டர். அதுவே இரண்டரை கிலோ கனம். முதுகுப் பையைத் தேர்வு செய்யும்போது இந்தக் கனத்தை முதலில் கணக்கில் எடுங்கள். இடுப்பில் பட்டை உள்ள பையாக இருந்தால் பாரம் தோளிலிருந்து இடுப்புக்கு இறங்கும். நம் வயதில் பையின் மொத்தக் கனம் உடம்பு எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் இருப்பது நல்லது. இரத்த அழுத்தத்துக்கு நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மலைக்குப் போகும் முன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். உப்பும் சர்க்கரையும் கலந்த ஓ.ஆர்.எஸ். பாக்கெட் இரண்டு, சர்க்கரை நோயாளி என்றால் கொஞ்சம் குளுக்கோஸ், ஒரு விசில், ஒரு தலை டார்ச். டார்ச்சைக் கையில் பிடிக்காமல் நெற்றியில் கட்டிக்கொண்டால் இரண்டு கையும் சும்மா இருக்கும். செல்போன் வெளிச்சத்தை நம்பி இறங்குகிறவர் போனின் பேட்டரியையும் சேர்த்தே இழக்கிறார். 2024-ஆம் ஆண்டு வெள்ளியங்கிரிப் பருவத்தில், ஏறும்போதே மூச்சுத்திணறியும் நெஞ்சு வலித்தும் இறந்தவர்களைப் பற்றி நாளிதழ்களில் அடுத்தடுத்துப் படித்தோம். இதய நோய் உள்ளவர்கள் ஏற வேண்டாம் என்று வனத்துறை சொல்வது சடங்குக்காக அல்ல.

இவ்வளவும் ஆன பிறகுதான் கேமரா.

கேமராவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எனக்கும் ஆசை உண்டு. ஒரு காலத்தில் அக்பா கிளிக் 3 வைத்திருந்தேன். ஒரு சுருளில் 12 படம்தான். ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தயாரித்த 'இந்து' பிலிம் வந்த காலத்தில் ஒவ்வொரு தட்டலுக்கும் காசு. இப்போது ஒரே மாலையில் 400 படம் எடுத்துவிட்டு ஒன்றையும் பார்க்காமல் விடுகிறார்கள். படம் இலவசமானதால் வந்த பழக்கம் இது.

கேமரா வாங்கும் முன் அதைத் தராசில் வையுங்கள். தூரத்துப் பறவையை எடுக்க ஆசைப்பட்டு 150-600 மி.மீ. லென்ஸ் வாங்குகிறார்கள். லென்ஸ் மட்டுமே ஏறக்குறைய 2 கிலோ. கேமராவையும் சேர்த்தால் தண்ணீரின் இடத்தை அது எடுத்துக்கொள்கிறது. மலையில் எதைக் குறைப்பது என்ற நிலை வரும்போது குறைவது தண்ணீர்தான், கேமரா அல்ல. இதைப் பல பேரிடம் பார்த்துவிட்டேன். நம்மைப் போன்றவர்களுக்குச் சிறிய கேமரா ஒன்று, அகலமாகவும் கொஞ்சம் கிட்டத்திலும் எடுக்கும் ஒரே லென்ஸ், உபரியாக ஒரு பேட்டரி போதும். நல்ல செல்போனும் போதும். முக்காலி ஒன்றரைக் கிலோ. அதற்குப் பதில் ஒரு மஞ்சள் பையில் கொள்ளோ பச்சைப்பயறோ ஒரு கிலோ கட்டிப் பாறை மேல் வைத்து, அதன் மேல் கேமராவை அமுக்கி வைத்தால் அசையாது. காட்டு விலங்குகளைப் படம் எடுப்பவர்கள் உலகம் முழுக்கச் செய்வது இதுதான். இறங்கி வந்ததும் பயறைச் சுண்டலாக்கிவிடலாம்.

பெரிய பெயர்கள் எப்படிச் செய்தார்கள் என்றும் பாருங்கள். மா. கிருஷ்ணன் (1912-1996), நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன், நம் நாட்டின் முன்னோடி இயற்கையியலாளர்களில் ஒருவர். முதுமலையில் நடந்தும் யானை மேல் அமர்ந்தும் கறுப்பு வெள்ளையில் படம் எடுத்தார். அவருடைய கேமரா கடையில் வாங்கிய புது மாடல் அல்ல. பல பழைய பாகங்களை ஒன்றாகச் சேர்த்துக் கட்டியது. அதற்குக் கேலியாக 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயர் வைத்திருந்தார். ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் 1950 முதல் இறக்கும் வரை இயற்கை பற்றி எழுதிவந்தார். யானை எப்போது காதை விரிக்கும், எந்தப் பக்கம் திரும்பும் என்று தெரிந்திருந்ததுதான் அவருடைய லென்ஸ்.

இன்னொருவர் பிரெஞ்சுக்காரர், கார்த்தியே-பிரெஸோன். பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால் அவர் பெயர் எனக்கு முன்பே பழக்கம். 1948 ஜனவரியில் காந்தியடிகள் சுடப்படுவதற்குச் சற்று முன் அவரைச் சந்தித்தவர். 1950 ஏப்ரலில் புதுச்சேரியில் ஸ்ரீ அரவிந்தரைப் படம் எடுத்தவரும் அவரே. பெரும்பாலும் ஒரு சிறிய லைக்கா, அதில் ஒரு 50 மி.மீ. லென்ஸ். அதோடு உலகத்தைச் சுற்றினார். கையில் கனம் குறைந்தால் கண்ணுக்கு வேலை கூடும் என்பதற்கு இவரை விடச் சாட்சி வேண்டுமா?

வாங்கிய கேமராவைக் காப்பதும் செலவில்லாத வேலைதான். மழைக்காலத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பாக்கெட்டோடு வைத்தால் போதும், தோல் உறையில் பூட்டி பீரோவில் வைப்பதுதான் கெடுதல். ஏ.சி. காரிலிருந்து இறங்கியதும் பையைத் திறக்காமல் கால் மணி நேரம் விட்டால் கண்ணாடியில் ஆவி படியாது. நம் ஊர்ச் செம்மண் புழுதியில், காற்றடிக்கும்போது லென்ஸ் மாற்றக் கூடாது.

என் வயதுக்காரர்கள் இந்த இடத்தில் ஒன்று கேட்பார்கள். "நம்ம பாட்டன் வெறுங்காலோடு மலை ஏறலையா? இந்த ஷூ, கம்பு எல்லாம் எதுக்கு?" ஏறினார், உண்மைதான். ஆனால் அவர் ஒன்றும் இல்லாமல் ஏறவில்லை. தலையில் துண்டு கட்டியிருந்தார், வெயிலுக்கு அது தொப்பி, குளிருக்குப் போர்வை, தேவைப்பட்டால் கயிறு. கையில் தடி இருந்தது. சுரைக்குடுக்கையில் தண்ணீர் இருந்தது. விடியற்காலையில் கிளம்பி வெயில் ஏறும் முன் நிழலில் உட்கார்ந்தார். பிறந்ததிலிருந்து வெறுங்காலில் நடந்த அவருடைய பாதமே ஒரு தோல் செருப்பு. நாற்காலியில் உட்கார்ந்து கோப்பு பார்த்த நம் பாதம் அப்படியா? அவர் வரிசை சரியாகத்தான் இருந்தது. அந்த வரிசையை விட்டது நாம்.

பேரப்பிள்ளைகளும் ஒன்று சொல்கிறார்கள். "தாத்தா, கேமரா இல்லேன்னா நாங்க மலைக்கே போக மாட்டோம்." அதிலும் நியாயம் இருக்கிறது. படம் எடுக்கும் ஆசைதான் அவர்களைச் செல்போன் திரையிலிருந்து வெளியே இழுக்கிறது. அந்த ஆசையைக் கெடுக்க நான் விரும்பவில்லை. கேமராவுக்கு ஒதுக்கிய பணத்தில் முதல் பத்தாயிரத்தைக் காலுக்கும் பைக்கும் டார்ச்சுக்கும் எடுத்துவிட்டு, மீதியில் கேமரா பாருங்கள் என்றுதான் சொல்கிறேன். மாடல் ஒரு படி இறங்கும், அவ்வளவுதான்.

பழகிக்கொள்ள வெகுதூரம் போக வேண்டியதில்லை. மேட்டூர் அணையில் நீர்மட்டம் வெகுவாக இறங்கும்போது பண்ணவாடிப் பக்கம் பழைய ஜலகண்டேஸ்வரர் கோவில் நந்தியும் கிறிஸ்தவ ஆலயக் கோபுரமும் வெளியே தெரியும். 1934-இல் அணை முடிந்தபோது தண்ணீருக்குள் போன ஊர்களின் மிச்சம் அவை. மலை ஏற வேண்டாம், விலங்கு பயம் இல்லை. ஆனால் வெயிலும் சேறும் உண்டு. புது ஷூ, தொப்பி, தண்ணீர், கம்பு, சிறிய கேமரா எல்லாவற்றையும் அங்கே ஒரு காலைப் பொழுதில் சோதித்துப் பார்க்கலாம். மேலே காய்ந்திருக்கும் சேறு உள்ளே இளகியிருக்கும், ஆகவே உள்ளூர் ஆள் போன தடத்திலேயே போங்கள். வீட்டுக்கு வந்ததும் எது உறுத்தியது, எதை ஒரு முறை கூட வெளியே எடுக்கவில்லை என்று ஒரு தாளில் எழுதுங்கள். உறுத்தியதை மாற்றுங்கள், எடுக்காததை அடுத்த முறை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். அந்தத் தாள் கையில் இருந்தால் கடைக்காரர் எதையும் உங்கள் தலையில் கட்ட முடியாது.