பி.ஏ. தமிழ் படித்தவளுக்குக் கணினி ஆகாதா?

"பி.ஏ. தமிழா? பி.எட். முடிச்சிட்டு டெட் எழுது, இல்லேன்னா குரூப் ஃபோர் எழுது." பட்டம் வாங்கி வரும் நம் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் முதல் அறிவுரை இதுதான். சொல்பவர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. ஆனால் இந்தப் பிள்ளைகள் எப்படித் தமிழ் இலக்கியத்துக்கு வந்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை. ஆசைப்பட்டு வந்தவர்கள் உண்டு. எங்களிடம் வருபவர்களில் பலர் அரசு கலைக்கல்லூரியில் கடைசியாக மிஞ்சிய இடத்தில் உட்கார்ந்தவர்கள்.

உண்மையில் கதவு அதற்கும் முன்னாலேயே சாத்தப்படுகிறது. பதினொன்றாம் வகுப்புச் சேர்க்கையில், "உனக்குக் கணக்கு வராது, வேற குரூப் எடு" என்று ஒருவர் சொல்கிறார். கூலி வேலையை விட்டுவிட்டு வந்து நிற்கும் அம்மா தலையாட்டுகிறார். எம்.சி.ஏ. படிக்க பி.ஏ. போதும் என்பது பலருக்குத் தெரியாது. பிளஸ் டூவிலோ பட்டப்படிப்பிலோ கணிதம் படித்தவர்கள் விண்ணப்பிக்கலாம். அந்த ஒரு நாள் தலையாட்டலின் விலை ஐந்தாறு வருடம் கழித்துத் தெரிகிறது.

எங்கள் மாலைப் படிப்பு மையத்துக்கு வந்த ஒரு தங்கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பி.ஏ. தமிழ். பழைய லேப்டாப் ஒன்றில் பைத்தான் தொடங்கினாள். 'தமிழ்' என்ற சொல்லில் எத்தனை எழுத்து என்று கணினியைக் கேட்டால் ஐந்து என்றது. மூன்றுதானே என்று சண்டைக்கு நின்றாள். யூனிகோடில் மி என்பது மகரமும் இகரக் குறியும், ழ் என்பது ழகரமும் புள்ளியும் எனத் தனித்தனிக் குறியீடுகள் என்று புரிந்ததும், எழுத்தைச் சரியாக எண்ணும் நிரலை அவளே எழுதினாள். அடுத்து பன்மை. மரம் மரங்கள் ஆகிறது, பல் பற்கள் ஆகிறது, முள் முட்கள் ஆகிறது, பூ பூக்கள் ஆகிறது. புணர்ச்சி விதியை மனப்பாடமாக வைத்திருந்தவளுக்கு அது 'இப்படி இருந்தால் அப்படிச் செய்' என்ற கட்டளையாகத் தெரிந்தது. எங்களோடு வேலை செய்யும் பொறியியல் பட்டதாரித் தம்பி அன்று அவளிடம்தான் பாடம் கேட்டான்.

இப்போது அவள் சென்னை ஐ.ஐ.டி.யின் இணையவழி டேட்டா சயின்ஸ் பட்டப்படிப்பில் இருக்கிறாள். 2020இல் தொடங்கிய அந்தப் படிப்புக்கு ஜே.இ.இ. வேண்டாம், பிளஸ் டூ தேர்ச்சியும் பத்தாம் வகுப்புக் கணிதமும் ஆங்கிலமும் போதும். முதலில் நான்கு வாரப் பாடம், பிறகு தகுதித் தேர்வு. எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்குக் கட்டணச் சலுகையும் உண்டு. பாடம் முழுக்க ஆங்கிலம். ஒவ்வொரு வீடியோவையும் மூன்று முறை பார்க்கிறாள்.

சனி, ஞாயிறுகளில் தெருப் பிள்ளைகளுக்குத் தமிழிலேயே நிரல் எழுதக் கற்றுக்கொடுக்கிறாள். ஆனால் நாளை எம்.சி.ஏ.வே முடித்தாலும் அரசுப் பள்ளியில் கணினி ஆசிரியராக முடியுமா? இளங்கலையும் முதுகலையும் ஒரே பாடமாக இருக்க வேண்டும் என்கிற 'கிராஸ் மேஜர்' தடை குறுக்கே நிற்கலாம். ஐ.டி. கம்பெனிக்குப் போகலாம். அங்கே இடஒதுக்கீடு இல்லை. சாதி கடல் கடந்தும் போகும் என்பதற்கு, சிஸ்கோ நிறுவனத்தின் மீது 2020இல் கலிஃபோர்னியா மாநில அரசே தொடுத்த சாதிப் பாகுபாட்டு வழக்கு இருக்கிறது. இதையெல்லாம் தெரிந்துகொண்டே போகட்டும் என்கிறோம். இயக்கத்தை விட்டு ஓடுகிறார்கள் என்று பேசும் தோழர்களோடு எங்களுக்கு உடன்பாடு இல்லை.

அரசிடம் நாம் கேட்க வேண்டியது பெரிய திட்டம்கூட அல்ல. பி.ஏ. தமிழ், வரலாறு மாணவர்களுக்குக் கணிதத்தை விருப்பத் துணைப்பாடமாகக் கொடுங்கள். பட்டப்படிப்பில் கணிதம் இருந்தால் போதும் என்று எம்.சி.ஏ. விதியே சொல்கிறதே.

அதுவரை, பதினொன்றாம் வகுப்புச் சேர்க்கைக்குப் போகும் ஒவ்வொரு பிள்ளையோடும் நம்மில் ஒருவர் கூடப் போக வேண்டும். போன வருடம் மூன்று பேரோடு போனோம். இருவருக்குக் கணக்கு குரூப் கிடைத்தது. மூன்றாவது பிள்ளைக்கு மார்க்கைக் காட்டி மறுத்துவிட்டார்கள்.