ஏணியும் பிறரும்

மனித இயல்பு யாது என்ற வினாவுக்குச் சென்ற நூற்றாண்டின் உளவியல் முதலில் தந்த விடைகள் குறுகியவை. அடக்கி வைத்த இச்சைகளின் கிடங்கு என்றது ஒரு மரபு. தூண்டலுக்குத் துலங்கும் பொறி என்றது மற்றொன்று. இவை போதா என்று எழுந்ததே, டிரான்ஸ்பெர்சனல் சைக்காலஜி என மேலைநாட்டார் வழங்கும் ஆள்கடந்த உளவியல். ஆபிரகாம் மாஸ்லோ, அந்தோணி சூட்டிச், ஸ்டானிஸ்லாவ் கிராஃப் முதலியோர் முன்னின்ற அவ்வியக்கத்துக்கு 1969இல் தனி ஆய்விதழ் பிறந்தது. பசியும் அச்சமும் போலவே தன்னைக் கடக்கும் நாட்டமும் மனித இயல்புதான் என்று அது அறிவித்தது. வரவேற்கத்தக்க அறிவிப்பு. ஆயினும், 'நான்' கரையுமிடத்தில் எதிரே நிற்கும் பிறர் என்னாவார் என்பதை அவ்வியக்கம் நெடுங்காலம் கேட்கவில்லை.

அக்குறையின் வேர் முன்னமே ஊன்றியது. 1938ஆம் ஆண்டுக் கோடையில், மானிடவியலறிஞர் ரூத் பெனடிக்டின் தூண்டுதலால், இளைஞர் மாஸ்லோ கனடாவின் ஆல்பர்ட்டாவில் சிக்சிகா என்னும் பிளாக்ஃபுட் தொல்குடியினரிடையே சில வாரங்கள் தங்கினார். பண்பாடு மாறினால் மனிதனும் மாறுவான் என்று எண்ணிச் சென்றவர், தம் நாட்டில் கண்ட குணவகைகளையே அங்கும் கண்டு, அடிப்படை இயல்பு எங்கும் ஒன்றே என்ற துணிபோடு மீண்டார். இனவெறி கொழுந்துவிட்டெரிந்த காலத்தில் அத்துணிபு பெருமைக்குரியது. ஆனால் அதே மக்களின் பிள்ளைகள் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டு, உறைவிடப் பள்ளிகளில் தாய்மொழியை இழந்துகொண்டிருந்த காலமும் அதுவே. பின்னாளில் மாஸ்லோ பெயர் சுட்டிப் போற்றிய நிறைமனிதருள் லிங்கன் உண்டு, ஐன்ஸ்டைன் உண்டு. சிக்சிகர் ஒருவரும் இலர்.

ஒருமைக் கொள்கை அடுத்த தலைமுறையில் ஏணியாயிற்று. கென் வில்பர் 1977 முதல் எழுதிய நூல்களில் உலகின் அருளனுபவங்களையெல்லாம் படிகளாக அடுக்கினார். இயற்கையோடு ஒன்றுதல் கீழ்ப்படி. கடவுட்காதல் அதற்கு மேல். உருவற்ற நிலை அதற்கும் மேல். இரண்டற்ற நிலை உச்சி. இவ்வரிசைப்படி ஆழ்வாரும் நாயன்மாரும் இடையிலேயே நின்றுவிடுவர். உச்சிக்குச் சான்றாக வில்பர் அடிக்கடி காட்டுபவர் திருவண்ணாமலை இரமண மகரிஷி. அவரோ அருணாசலனை மணாளனாக விளித்து, காதலியின் நிலையில் நின்று, அட்சரமணமாலையின் 108 கண்ணிகளைப் பாடியவர்! முத்தியிலும் உயிர் உயிராகவே இருந்து இறைவனோடு பிரிவின்றிக் கலந்திருக்கும் என்பது சைவ சித்தாந்தம். அது ஏறி முடியாத ஏற்றமன்று, வேறொரு முடிபு. ஏணி கட்டுவோர்க்கு வேற்றுமை எப்போதும் குறைபாடாகவே தோன்றும்.

இவ்விடத்தில் யூத மெய்யியலறிஞர் மார்ட்டின் பூபரை நினையாதிருத்தல் இயலாது. அவரும் இளமையில் பரவசத்தை நாடியவர். பன்னாட்டு ஞானியரின் பரவச வாக்குகளைத் திரட்டி 1909இல் நூலாக்கியவர். 1914இல் ஒருநாள், காலைப்பொழுதைச் சமயப் பெருமகிழ்வில் கழித்திருந்த அவரிடம் ஓர் இளைஞர் வந்தார். பூபர் அன்போடு பேசினார், கேட்டவற்றுக்கெல்லாம் விடையளித்தார். அவ்விளைஞர் கேளாது விட்ட கேள்வியை மட்டும் உணராது போனார். அவ்விளைஞர் உயிரோடில்லை என்ற செய்தி பின்னர் வந்தது. அன்றாட வாழ்விலிருந்து தம்மைத் தூக்கிச் செல்லும் சமயானுபவத்தை அந்நிகழ்ச்சிக்குப்பின் துறந்ததாகப் பூபரே எழுதியுள்ளார். 'நானும் நீயும்' பற்றிய அவரது புகழ்பெற்ற நூல் 1923இல் வெளிவந்தது. ஆள்கடந்த உளவியல் பிறப்பதற்கு அரை நூற்றாண்டு முன்பே அதன் இடர் இவ்வாறு கண்டறியப்பட்டிருந்தது.

2002இல் ஹோர்ஹே ஃபெரர் வெளியிட்ட நூல் இத்துறையை உள்ளிருந்தே உலுக்கியது. அருளறிவு ஒருவர் நெஞ்சுக்குள் மட்டும் நிகழும் காட்சியன்று. மனிதரும் சமூகமும் பரம்பொருளும் கூடி ஆக்குவது. ஆகவே முடிந்த முடிபுகள் பலவாகலாம் என்றார் அவர். யாம் இதனை ஏற்கிறோம். எல்லாம் சரியென்றால் போலியை எவ்வாறு களைவது என்பார்க்கு அவர் தரும் உரைகல், தன்முனைப்பு தேய்ந்ததா என்பது. நல்ல உரைகல்தான். ஆனால் தன்முனைப்பு தேய்ந்ததென்று அனுபவித்தவரே சான்று பகர்தல் தகுமோ? இத்துறையின் ஆய்வுகள் இன்றளவும் பெரும்பாலும் அவர்தம் வாக்குமூலத்தையே நம்பியுள்ளன. உடன் வாழ்ந்த மனைவியையும் பணிந்து நின்ற மாணவரையும் உசாவியறியும் வழக்கம் அரிது.